பெருக்காத அறை

“தொடப்பத்தைக் கீழ வை கனிமொழி. அண்ணன் சிட்னி போய்ச் சேர்ற வரைக்கும் அவன் ரூமைப் பெருக்கக் கூடாது” என்றார் சுப்பராயலு.

சிதம்பரத்திலிருந்து பஸ் பிடித்து, கடலூர் செம்மண்டலத்து வீட்டுக்கு அப்போதுதான் வந்திருந்தாள் மகள்.

“எவ்ளோ நேரம்பா ஆவும்?”

“ஒன்பதாயிரம் கிலோமீட்டர். பிளைட் மாறி ஏறுறதோட சேத்துப் பதினாறு மணி நேரம். எறங்குனதும் போன் பண்றேன்னான். நம்ம குடும்பத்துல சொன்ன சொல்லு தவறினவன் கிடையாது.”

“அந்த பிளைட் கடல்ல வுழுந்து ஏழு வருஷம் ஆச்சுப்பா! இப்பவாவது அண்ணனுக்குக் காரியம் பண்ண வுடுங்க. சொந்தக்காரங்கள்லாம் சிரிக்கிறாங்க.”

“சிரிக்கட்டும். வந்து சேராதவனுக்கு என் வீட்டுல காரியம் கிடையாது.”

கனிமொழி அழுதுகொண்டே சாவியை எடுத்து, ஏழு வருடமாகப் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தாள். துடைப்பம் கையிலிருந்து நழுவியது.

தரையெல்லாம் தடித்த புழுதி. அதில் ஜன்னலிலிருந்து கட்டில் வரைக்கும் ஈரக் காலடிகள். திரும்பிப் போன தடம் இல்லை. அறை முழுக்கக் கடல் வாடை.

சுப்பராயலு எட்டிப் பார்த்தார். தோள்துண்டை உதறிப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“வந்து சேந்துட்டான். இப்ப பெருக்கும்மா.”