நின்றுகொண்டு சாப்பிட்டவர்

"பாத்தியாம்மா? இன்னைக்கும் தட்டைத் தூக்கிக்கிட்டு வெளியில போயிட்டாரு."

ஆனந்தவல்லி அம்மாவின் காதில் பொருமினாள். காளியம்மாளுக்கு ரசத்தில்தான் கண்.

"மெல்லப் பேசுடி. காத்தாட நின்னு சாப்பிடுறாரு போல."

"கொட்டுற மழையிலயா?"

சீனாவில் இறங்கி நாலு நாள். குவாங்சோவில் மழை, குய்லினில் மழை, இப்போது யாங்ஷுவோவிலும் மழை. திருச்சியிலிருந்து கிளம்பிய பதினோரு பேரும் பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டே ஊர் சுற்றினார்கள். நேற்று ஆற்றில் மூங்கில் தெப்பத்தில் போகும்போது, "இதுல பாதி நம்ம பக்கம் பேஞ்சா மேட்டூரையே பாத்துக்கிட்டு உக்கார வேணாம்" என்றாள் காளியம்மாள். தெப்பமே சிரித்தது. சுற்றுலா நடத்தும் ஷம்சாத் கையோடு ஒரு சமையற்காரரையும் கூட்டி வந்திருந்ததால் மூன்று வேளையும் நம்மூர்ச் சாப்பாடு.

எல்லாம் சரிதான். தட்டோடு வெளியே போகிற பஞ்சநதம்தான் சரியில்லை.

மன்னார்குடிப் பக்கம் பெரிய மிராசு குடும்பம். உச்சவரம்புச் சட்டத்தில் பாதி நிலம் போயும் 'பெரிய வீடு' என்ற பேர் போகவில்லை. அந்த வீட்டில்தான் ஆனந்தவல்லியின் தாத்தா பண்ணையாள். அப்பா ரெத்தினம் பதினெட்டு வயதில் ஊரைவிட்டு வந்து ரயில்வேயில் சேர்ந்து, பூதலூர் ஸ்டேஷனில் ரிட்டயர் ஆனவர். அவருக்கு எழுபது முடிந்ததற்காக, கல்லூரிப் பேராசிரியையான மகள் ஏற்பாடு செய்த பயணம் இது. அதே பயணத்தில் பஞ்சநதமும் வருகிறார் என்பது விமான நிலையத்தில்தான் தெரிந்தது.

இன்று காலையில்கூட பஸ் ஒரு நெல்வயலோரம் நின்றதும் இரண்டு பெரியவர்களும் வரப்பில் இறங்கிவிட்டார்கள்.

"தூர் நல்லா வெடிச்சிருக்குங்க" என்றார் ரெத்தினம்.

"வடிகாலைப் பாருங்க ரெத்தினம். இந்த மழைக்கும் ஒரு சொட்டு தேங்கல" என்றார் பஞ்சநதம்.

இருவருக்கும் ஒரே குடை. பிடித்திருந்தவர் பஞ்சநதம்.

வயலில் ஒரே குடையாம். சோற்றுக்கு மட்டும் தனி இடமாம்!

ரெத்தினம் சாப்பிட்டுவிட்டு அறைக்குப் போகும்வரை பொறுத்திருந்தாள் ஆனந்தவல்லி. பிறகு விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்தாள். பஞ்சநதம் தூணோரம் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாரலில் பேண்ட் முழங்கால்வரை நனைந்திருந்தது.

"சார், கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. எங்களோட ஒரே மேசையில உக்காந்தா உங்களுக்கு என்ன கொறஞ்சுடும்?"

எழுபத்தைந்து வயது மனிதர் அதிர்ந்து போனார்.

"ஐயையோ, நீங்க அப்படியா நெனச்சீங்க?"

"வேற எப்படி நெனைக்கிறது?"

அவர் தட்டைக் கைப்பிடிச் சுவரில் வைத்தார்.

"மொத நாள் நான் உங்க மேசைக்குத்தாம்மா வந்தேன். நான் உக்காந்ததும் உங்க அப்பா எழுந்திரிச்சிட்டாரு. வயிறு சரியில்லன்னாரு. மறுநாள் காலையிலயும் அதேதான், உப்புமா பாதி தட்டுலயே கெடந்துச்சு. அப்பதான் எனக்கு உறைச்சுது. எங்க அப்பா காலத்துல எங்க வீட்டு ஆளுங்களைக் கண்டா எழுந்து நின்னாகணும். அந்தப் பயம் இன்னும் அவரு உடம்புல இருக்கு. எழுபது வயசுல எனக்காக அவரு அரை வயித்தோட எழுந்திரிக்கணுமா? அதான் நான் தள்ளி வந்துட்டேன்."

ஆனந்தவல்லி அவருடைய நனைந்த பேண்ட்டைப் பார்த்தாள்.

"நீங்க படிச்சவங்க. பயப்பட வேணாம்னு அவருக்கு எடுத்துச் சொல்லுங்க. நாளைக்காவது எல்லாரும் சேந்து சாப்பிடலாம்."

"மன்னிச்சிடுங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

அறையில் ரெத்தினம், தலைமுடி காயவைக்கும் மெஷினால் நனைந்த சாக்ஸைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அவரைக் கண்டு நீங்க ஏம்ப்பா எழுந்திரிக்கிறீங்க? இன்னும் என்ன பயம்?" கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பஞ்சநதம் சொன்னதை ஒன்று விடாமல் சொன்னாள். "பாவம்ப்பா, உங்களுக்காக மனுஷன் மழையில நின்னுக்கிட்டுச் சாப்பிடுறாரு."

ரெத்தினம் மெஷினை நிறுத்தினார்.

"பயமா? எனக்கா?"

"பின்ன?"

"உன் தாத்தா கூலியில அரைப்படி நெல்லு கூடக் கேட்டாருன்னு களத்துல கட்டி வச்சு அடிச்சாங்க. அடிச்சது இவரோட அப்பா. எனக்கு அப்ப பத்து வயசு, பக்கத்துலதான் நின்னேன். இந்த வீட்டு ஆளுங்களோட உக்காந்து கை நனைக்கிறதில்லன்னு அன்னைக்கு முடிவு பண்ணுனது. இவரு நல்ல மனுஷன்தான். பேசுறேன், அவரு குடையில நிக்கிறேன். சோறு மட்டும் எறங்கல. நான் பயந்து எழுந்திரிக்கலம்மா. அவரோட உக்காந்து சாப்பிட மாட்டேன்னுதான் எழுந்திரிச்சேன்."

ஆனந்தவல்லி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அப்பா இதை வீட்டில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பெரிய வீட்டுக்காரர் தன் அப்பாவுக்குத் தைரியம் சொல்லச் சொன்னதும், அதற்குத் தான் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததும் நினைவுக்கு வர, அவளுக்கு முகம் சிவந்தது.

"இருங்க, நான் போய் அவர்கிட்ட உள்ளதைச் சொல்லிட்டு வர்றேன்" என்று எழுந்தாள்.

"உக்காரு."

ரெத்தினம் சாக்ஸைத் திருப்பிப் போட்டார்.

"வயசான மனுஷன். நாலு எடம் பாக்கலாம்னு இவ்வளவு தூரம் வந்திருக்காரு. இதைக் கேட்டா மனசு ஒடிஞ்சு போயிடுவாரு. நான் பயந்துதான் எழுந்திரிச்சேன்னே நெனச்சுக்கட்டும், விடு."