நிரூபாவின் சைக்கிள் படம்

"தாய் பெட்டிக்குள்ளை கிடக்கிறா. மகளைப் பாருங்கோ, மலையிலை சைக்கிள் ஓடுறா!"

கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பியூனரல் ஹோம். குணவதியின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தார்கள். பின்வரிசையில் ஒரு கைபேசி கைமாறிக்கொண்டிருந்தது.

நோர்வேக்குக் கப்பலில் சுற்றுலா போன நிரூபா, நேற்று வியாழக்கிழமை போட்ட படம். கீழே மலைகளுக்கு நடுவே புகுந்த கடல், அதில் கப்பல். மேலே வளைவுப் பாதையில் சைக்கிளோடு நிரூபா. தலையில் ஹெல்மெட், வாயெல்லாம் பல்.

"பல்லைக் காட்டுற நேரமே இது?"

"உதுக்கெல்லாம் அனுபவிப்பாள்."

கல்கரியில் இருக்கும் நிரூபாவோடு அங்கே ஒருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. இருபது வருடத்துக்கு முன் 'எங்கட ஆக்கள்' அல்லாத ஒருவரைக் கல்யாணம் செய்தவள். ஆனாலும் அவளுடைய பேஸ்புக்கை ஒருவரும் தவறவிடுவதில்லை.

நிரூபாவின் அண்ணன் விநாயகமூர்த்தி வேட்டியோடு வாசலில் நின்று, வருகிறவர்களின் கையைப் பிடித்துக் கண் கலங்கிக்கொண்டிருந்தார்.

குணவதிக்குப் பக்கத்து அப்பார்ட்மென்டில் இருக்கும் பேர்ணடெற் அவரிடம் வந்தார்.

"தம்பி, நிரூபாவுக்குச் சொன்னனீங்களோ?"

"சொல்லாமல் விடுவனே அன்ரி? சொந்தத் தங்கச்சி. ஹொலிடே வீணாப் போகுமாம். நீங்களே எல்லாத்தையும் செய்யுங்கோ எண்டுட்டாள்."

"ஒவ்வொரு நாளும் தாயோடை கதைக்கிற பிள்ளை, அப்பிடிச் சொல்லுமே? மரண அறிவித்தலிலையும் அவளின்ரை பேரைக் காணேல்லை."

"வராதவளின்ரை பேர் எதுக்கு அன்ரி?"

பின்வரிசை தலையாட்டியது. நியாயம்தானே!

"நான் ஒருக்கா போன் எடுத்துக் கதைக்கட்டோ?"

"வேண்டாம்!" விநாயகமூர்த்தியின் குரல் உயர்ந்தது. "கெஞ்சிக் கூப்பிட, அவள் அந்தப் புருசனையும் கூட்டிக்கொண்டு வந்து கிரியையிலை முன்னுக்கு நிண்டால்? எங்கட சனம் பாத்துக்கொண்டு இருக்குமே?"

பேர்ணடெற் திரும்பினார். போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அப்போது விநாயகமூர்த்தியின் மகள் சுபாங்கி தாயிடம் ஓடி வந்தாள்.

"அம்மா, அப்பம்மாட போன் எங்க? ஸ்லைட்ஷோவுக்கு மோர் பிக்சர்ஸ் வேணும்."

தாய் கைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

"இந்தா. இந்த மூண்டு நாளும் அப்பாதான் வைச்சிருந்தவர். இப்பதான் சார்ஜ் போடத் தந்தவர்."

சுபாங்கி போனைத் திறந்தாள். முதலில் கண்ணில் பட்டது அந்தச் சைக்கிள் படம். நிரூபா மாமி அதை அப்பம்மாவுக்கும் அனுப்பியிருந்தாள். மேலே தள்ளினாள். எடுக்கப்படாத அழைப்புகள், ஒன்றல்ல இரண்டல்ல, பதினொன்று. அதற்குக் கீழே புதன்கிழமை மாமி எழுதியதை எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"அம்மா, ஏன் போன் எடுக்கிறியள் இல்லை? சுகமில்லையோ? நாளைக்கு மலையிலை சைக்கிள் ஓடக் கூட்டிக்கொண்டு போகினம். எனக்கு மனம் சரியில்லை. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, இஞ்சையே இறங்கிப் பிளேன் எடுத்து வாறன்."

சுபாங்கி திகதியைத் திரும்பப் பார்த்தாள். அப்பம்மா இறந்தது செவ்வாய்க்கிழமை விடியக்காலையில். மாமிக்கு அப்பம்மாவின் போனிலிருந்து பதில் போயிருந்தது, புதன்கிழமை மத்தியானம்:

"நான் நல்ல சுகம் பிள்ளை. தொண்டை கட்டிப்போச்சு, அதுதான் கதைக்கேல்லை. நீ வர வேண்டாம். சந்தோசமாச் சைக்கிள் ஓடு."