இரவல் குரல்

“உள்ளே போனதும் நீ வாயைத் திறக்கவே கூடாது, புரிஞ்சுதா? பேச்செல்லாம் நான் பார்த்துக்கறேன்” என்றாள் இர்மா.

“தெரியும்டி. பன்னிரண்டு வருஷமா உதட்டை மட்டும்தானே அசைக்கிறேன்” என்றாள் ஓர்னெல்லா.

ரோம் நகரத்து ஸ்டூடியோக்களில் இது சகஜம். திரையில் நடிப்பது ஒருவர், பின்னால் பேசுவது இன்னொருவர். ரசிகர்களிடம் மட்டும் யாரும் மூச்சு விடுவதில்லை. ஓர்னெல்லா நாடக மேடையிலிருந்து சினிமாவுக்கு வந்த முதல் நாளே தயாரிப்பாளர் காதைப் பொத்திக்கொண்டார். “முகம் தேவதை முகம்! குரல் கழுதை விக்கிறவன் குரல்!” அன்றிலிருந்து படங்களில் அவளுக்கு இர்மாதான் குரல். கடைக்குப் போனால்கூட ஓர்னெல்லா கிசுகிசுவென்றுதான் பேசுவாள்.

இன்று அவர்கள் வந்திருந்தது போரில் கண் இழந்தவர்களுக்கான விடுதிக்கு. அங்கே இருந்த பத்திஸ்தாவுக்கு மறுநாள் இருதய ஆபரேஷன். பிழைப்பது நிச்சயமில்லை. ‘ஓர்னெல்லா அம்மா குரலை ஒரு தடவை நேர்ல கேக்கணும்’ என்று ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தார். அந்த ஆசையைக் கெடுக்கக் கூடாதே என்றுதான் இரண்டு பேருமாக வந்திருந்தார்கள்.

விடுதியைக் கவனித்துக்கொள்ளும் சிஸ்டர் அஞ்சலிக்கா வாசலுக்கே ஓடி வந்தாள்.

“மாதாவே! இந்த முகத்தைக் கிட்டத்துல பார்ப்பேன்னு நினைக்கவே இல்லை! பத்திஸ்தா உங்க படம் ஒண்ணு விடமாட்டார். நான்தான் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போவேன். திரும்பி வந்தா ரெண்டு நாளைக்கு யார்கிட்டயும் பேச்சே கிடையாது. அவ்வளவு பக்தி!”

சிஸ்டரை நைசாக வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார்கள். ஓர்னெல்லா கட்டிலருகே உட்கார்ந்து பத்திஸ்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் தோளுக்குப் பின்னால் நின்றபடி இர்மா பேசினாள்.

“பத்திஸ்தா, உங்களைப் பார்க்கத்தான் வந்தேன். தைரியமா இருங்க. நாளைக்கு எல்லாம் நல்லபடியா முடியும்.”

அடேயப்பா, என்ன குரல்! எத்தனையோ தடவை கேட்ட ஓர்னெல்லாவுக்கே உடம்பு சிலிர்த்தது. பத்திஸ்தாவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. அப்பாடா, ஜெயித்தாயிற்று என்று இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“தேன் மாதிரி குரல். படத்துல கேட்ட அதே குரல்” என்றார் பத்திஸ்தா. பிடித்த கையை விடாமல், ஓர்னெல்லாவின் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

“பின்னாடி நிக்கிற அம்மா கோவிச்சுக்கக் கூடாது. ரஷ்யாவுக்குச் சண்டைக்கு ரயில் ஏறுறதுக்கு முந்தின நாள், எங்க பெர்கமோவுல ஒரு நாடகம் பார்த்தேன். இந்தக் கண்ணு கடைசியா பார்த்த நாடகம். அதுல ஓர்னெல்லான்னு ஒரு பொண்ணு, ‘கதவைத் திறங்கப்பா, நான்தான் வந்திருக்கேன்’னு கரகரன்னு கத்தும். பார்வை போனப்புறம், கூட வந்தவன் தோளைப் பிடிச்சுக்கிட்டு, அந்தக் குரலை நினைச்சுக்கிட்டேதான் பனியில ஊரு வரைக்கும் நடந்தேன். ஒவ்வொரு படத்துலயும் அது வரும் வரும்னு போயி ஏமாந்துட்டு வர்றேன். அந்தக் குரலைத்தாம்மா கேக்கணும்னேன்.”

ஓர்னெல்லா இர்மாவைப் பார்த்தாள். இர்மா தன் வாயைப் பொத்திக்கொண்டு, ‘நீ பேசு’ என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

“கதவைத் திறங்கப்பா, நான்தான் வந்திருக்கேன்!”

கட்டடத்தையே அதிரவைத்த அந்தக் கழுதைக்குரலில், வெளியே நின்ற சிஸ்டர் பதறிப்போய்க் கதவைத் திறந்தாள்.