இதில் ஆளைக் காணோம்

"இசபெல் டீச்சர் திருப்பி அனுப்பிட்டாங்க அண்ணே. ஒத்த வரிதான் எழுதியிருக்காங்க. 'இதில் ஆளைக் காணோம்.'"

சுஜி தாளை மேசையில் போட்டாள். ஷாஜன் எடுத்துப் பார்த்தான். அவன் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய அப்பாவின் வாழ்க்கைக் குறிப்பு. அடியில் சிவப்பு மையில் அந்த ஒரு வரி. பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் பிழை திருத்திய கை. ஓய்வு பெற்ற பிறகும் மை மாறவில்லை.

"ஹவில்தார் ஏசுவடியான்னு மேலேயே எழுதியிருக்கேன். பின்ன என்ன ஆளைக் காணோம்?"

"பெரியப்பா அடக்கத்துக்கு வாசிச்ச தாளைப் பாத்துத்தானே எழுதின? பேரை மட்டும் மாத்தியிருக்க. பிறந்தார், உழைத்தார், சபையைத் தாங்கினார். அது யாருக்கு வேணும்னாலும் பொருந்தும்."

"வாழ்க்கைக் குறிப்புன்னா அப்படித்தான் ஏட்டி எழுதுவாவ."

"டீச்சருக்கு அது பத்தாது. இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள ஒழுங்கா எழுதிக் குடுக்கலேன்னா எல்லாம் இதோட நின்னு போவும். உனக்கு லீவு பத்து நாளுதான் பாக்கி."

ஷாஜன் பேனாவை எடுத்தான். அம்மா ஞானபாயின் அடக்கத்துக்கு அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவுக்கான இந்தக் காரியத்திலாவது கூட நிற்கணும் என்றுதான் மஸ்கட்டிலிருந்து வந்திருந்தான்.

"சரி, நீ சொல்லு. நான் எழுதுதேன்."

"முதல்ல அந்தச் சண்டைய வெட்டு. எதிரிகளைச் சுட்டு வீழ்த்தினார்னு போட்டிருக்க. அப்பா ஒரு குருவியக்கூடச் சுடல்ல. பட்டாளத்துல அவருக்கு வேலை கோவேறு கழுதை. மலைக்கு மேல சாமான் ஏத்திட்டுப் போற கழுதை."

"அத எப்படி எழுத? கழுதை பாத்தாருன்னா சிரிக்க மாட்டாவளா?"

வெளியே பால் கேனை இறக்கி வைத்துவிட்டு சுந்தர்சிங் படியில் உட்கார்ந்தார். பதினெட்டு வருஷமாக இவர்கள் பண்ணையில் வேலை. விடியுமுன் ரப்பர் மரத்தில் பால் வெட்டு, அது முடிந்தால் பதினாலு மாடு. நின்றால் கால் வலிக்கும், உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும். உட்காருவது கொஞ்சம் பரவாயில்லை.

"கழுதைய எழுது மக்கா. அதுதான் அந்த மனுசருக்க படிப்பு. மாட்டுக்கிட்ட இந்தியிலதான் பறைவாரு. 'பீச்சே ஹட்'னா பதினாலும் சேந்து பின்னால போவும். நான் தமிழ்ல தொண்டை கிழியச் சொன்னாலும் ஒண்ணு அசையாது. சொந்த ஊருல, மாடுவளுக்கு முன்னால நான்தான் வெளியூர்க்காரன்."

சுஜி சிரித்துவிட்டாள். ஷாஜனுக்கும் உதடு பிரிந்தது.

"ரப்பர் ஷீட் கடைய நல்லாத்தானே எழுதியிருக்கேன். அருமனையில முதல் வியாபாரம்னு."

"முதல் வியாபாரம் ஆப்பிள்" என்றார் சுந்தர்சிங். "காஷ்மீர்ல இருந்து நாலு கன்னு கொண்டு வந்து நட்டாரு. குளிரு இல்லாம வளராதுன்னு எவனோ சொன்னான். மீன் வண்டிக்காரன்கிட்ட ஐஸ் கட்டி வாங்கித் தூருல போட்டாரு. தோட்டம் பூரா சாளை நாத்தம். மூணு வருஷம் பாத்தாரு, பிறவு அதுல பாவக்கா கொடிய ஏத்தி விட்டாரு."

"ஆப்பிள் மரத்துல பாவக்கா பறிச்ச ஒரே ஆளு" என்றாள் சுஜி.

"இதையெல்லாம் எழுதினா அப்பாக்க மதிப்பு என்னாவும்?"

"மறைச்சாத்தான் போவும்" என்றாள் சுஜி. " பிள்ளைகள் கண்ட அப்பாவைத்தான் டீச்சர் கேட்டாங்க. குறட்டையையும் எழுது. கோபம் வந்தா வீட்டுலயும் இந்திதான், அதையும் எழுது. அரை மணி நேரத்துல சமாதானத்துக்கு ஒரு சக்கப் பழத்தைத் தூக்கிட்டு வந்து நிப்பாருன்னும் சேத்துக்க."

ஷாஜன் எழுதினான். பிறகு பேனா நின்றது.

"அம்மா படுக்கையில கிடந்த ரெண்டு வருஷம் எனக்குத் தெரியாது. அத நீதான் சொல்லணும்."

சுஜி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அம்மாவுக்குக் கை தூக்க முடியாது. தினமும் காலையில மாடு கறக்குமுன்ன அப்பா தலை வாரிப் பின்னி விடுவாரு. நான் பின்னினா அவ்வளவு நேரா வராது. எங்க படிச்சியன்னு அம்மா கேட்டா, 'கழுதை வாலு பின்னின கை, இது என்ன பெரிசு'ன்னு சொல்லுவாரு. அம்மா சிரிச்சுச் சிரிச்சு இருமும்."

ஷாஜன் அதை அவள் சொன்ன மாதிரியே எழுதினான். தாளை இன்னொரு முறை படித்துப் பார்க்கவில்லை.

சாயங்காலம் ஜீப்பை டீச்சர் வீட்டு மதிலோரம் நிறுத்திவிட்டு இரண்டு பேரும் உள்ளே போனார்கள். டீச்சர் கண்ணாடியைப் போட்டு, சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசித்தார். கழுதையில் புருவம் உயர்ந்தது. பாவக்காயில் தோள் குலுங்கியது. கடைசிப் பத்தியில் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்தார். பேனாவை மூடிவிட்டார்.

"ரெண்டு பேரும் மனசாரத்தானே எழுதினிய?"

"ஆமா டீச்சர்" என்றான் ஷாஜன்.

"அப்ப இந்த ஞாயித்துக்கிழமையே கோயில்ல எங்க கல்யாண ஓலை வாசிக்கட்டும், எனக்குச் சம்மதம். அரை மணி நேரமா ஜீப்புக்குள்ள பதுங்கி இருக்காரே உங்க அப்பா, அவரை உள்ள வரச் சொல்லுங்க, சாயா ஆறிப் போவுது."