வலது பக்க விளக்கு

என் பிக்கப் வண்டியின் வலது முன்விளக்கு மட்டும் பளபளத்தது. இடது விளக்கு பல வருட வெயிலில் மஞ்சளாகிக் கிடந்தது.

எங்கள் பக்கத்தில் ஒற்றைப் புது விளக்கைப் பார்த்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. நவம்பர் மாதம் மான்கள் சாலையில்தான் நிற்கும்.

"மான்தாம்பா," என்றான் என் மகன் கர்ட், நான் வாய் திறப்பதற்கு முன்பே.

தன் காரில் டவுனுக்குப் போய் விளக்கை வாங்கி வந்து மாட்டியிருக்கிறான். ஞாயிறு மாலையிலிருந்து என் பிக்கப் வண்டி கொட்டகையை விட்டு நகரவில்லை.

பக்கத்துப் பண்ணை வெர்லின் ஒரு பெரிய பேசினைத் தூக்கிக்கொண்டு தலையாட்டியபடி வந்தான்.

"என்னய்யா, மான அடிச்சீங்களாமே, விளக்குக் கடையில சொன்னாங்க. எனக்கு ஒரு தொடை வைக்காம எல்லாத்தையும் நீங்களே தின்னுட்டீங்களா?"

வண்டியில் அடிபட்ட மானை நாங்கள் யாரும் விட்டுவிட்டு வருவதில்லை. ஷெரிப்பின் போலீஸ் ஆபீசில் அனுமதிச் சீட்டு வாங்கிக் கறியை வீட்டுக்குக் கொண்டுவருவோம். அண்டை வீடுகளுக்குப் பங்கு போகும்.

கர்ட் தரையைப் பார்த்தான். "ஓடிப்போச்சு."

வெர்லின் சிரிக்கவில்லை. விளக்கை ஒருமுறை பார்த்தான்.

"ஆர்டிஸ் இன்னும் கண்ணத் திறக்கலையாம். நிக்காமப் போயிருக்கான் பாவி. மதகுகிட்ட ஒடஞ்ச விளக்குத் துண்டு ஒண்ணு ஷெரிப்புக்குக் கெடச்சிருக்கு."

வெறும் பேசினோடு திரும்பிப் போனான்.

ஆர்டிஸ் எங்கள் சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவள். ஞாயிறு மாலை சாலையோரம் நடந்து போனவளை ஏதோ வண்டி தூக்கி எறிந்துவிட்டுப் போயிருந்தது. அதே சர்ச்சில், என் தாத்தா காலத்திலிருந்து முதல் வரிசை எங்களுடையது.



குப்பை எரிக்கும் பீப்பாயை உதைத்துக் கவிழ்த்தேன். சாம்பலோடு பழைய விளக்கு உருண்டு வந்தது. அதில் ஒரு மூலை இல்லை.

ஸ்பேனரை எடுத்துப் புது விளக்கைக் கழற்றினேன். பல்பை மட்டும் உருவிக்கொண்டு மிச்சத்தைச் சுவரில் அடித்தேன்.

"நானே ஓட்டிட்டுப் போய்ச் சொல்லிடறேம்பா. நீங்க ஏறாதீங்க."

"வாய மூடு. அடிச்சுப் போட்டுட்டு ஓடுறதுக்கா உன்ன வளர்த்தேன்?"

உடைந்த விளக்கை அதன் இடத்திலேயே மாட்டினேன். பல்பைத் துணியால் பிடித்துத்தான் செருகினேன். வெறும் விரல் பட்டால் அந்தப் பிசுக்கு சூடேறிக் கண்ணாடி வெடித்துவிடும். ஷெரிப் வாசல்வரை அது எரிய வேண்டும். போகிற வழியெல்லாம் ஊர் அதைப் பார்க்க வேண்டும்.

இவ்வளவு சத்தத்துக்கும் என் மனைவி மார்லிஸ் வெளியே வரவில்லை. மூன்று நாளாகவே அவள் கொட்டகைப் பக்கம் காபி கொண்டுவரவில்லை. மகனை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று எண்ணிக்கொண்டேன்.

கர்ட் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினேன். நானும் அவனும் கொட்டகைக் கதவில் குனிந்து நுழைகிற உயரம். அவன் என்னை மறித்து நின்றான். தள்ளிவிட்டு ஏறினேன்.

முழங்கால்கள் இரண்டும் ஸ்டியரிங்கில் இடித்தன. உட்காரவே முடியவில்லை. டிரைவர் சீட் முன்னால் கடைசிவரை இழுக்கப்பட்டிருந்தது.

கர்ட் கண்ணை மூடிக்கொண்டான்.

சமையலறை ஜன்னலில், மார்லிஸ் தலை எட்டுகிற கீழ்ப்பாதியில், திரை அசைந்து நின்றது.

சீட்டைப் பின்னால் தள்ளவில்லை. அப்படியே விட்டுவிட்டு இறங்கினேன். வண்டிக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தேன்.

"மார்லிஸ், கோட்டப் போட்டுக்கிட்டு வா. நீதான் ஓட்டணும்."