மூன்றாவது ஒலிப்பதிவு

ஒரு காதில் அந்தப் பெண்ணின் குரல். மறு காதில் லாரிக் காற்று.

"மூச்சை மெல்ல விடுங்கள். அடிவயிற்றைத் தளர விடுங்கள்."

அவனும் விட்டுப் பார்த்தான். பகல் முழுக்கக் கம்பி கட்டிய உடம்பு. எதைத் தளர்த்தினாலும் வலித்தது.

காலையிலேயே ஊரிலிருந்து வந்திருந்தன. அவன் மனைவி சுகந்திக்கு ஆஸ்பத்திரி நர்ஸ் கொடுத்த எட்டு ஒலிப்பதிவுகள். தீராத அடிவயிற்று வலியோடு இருக்கும் பெண்களுக்கானவை. கீழே அவள் எழுதியிருந்தாள்.

தீபாவளிக்கு ஏன் வர வேணாம்னேன்னு கேட்டீங்கல்ல. மூணாவதக் கேளுங்க.

கல்யாணமாகி இரண்டு வருஷம். இடையில் ஒரே ஒரு விடுமுறை, முப்பது நாள். அடுத்ததற்கு வராதே என்கிறாள்.

மூன்று வாரமாக அவனுக்குத் தூக்கமில்லை. வீட்டுப் பக்கம் ஒரு கண் வைத்துக்கொள் என்று ஊரிலிருக்கும் சிநேகிதனிடம் சொல்ல நினைத்தான்.

சொல்லியும் விட்டான்.

போன வாரம், வேலை முடிந்து விடுதிக்குத் திரும்பும் இதே லாரியில் வாய்விட்டுப் புலம்பினான். துரைக்கண்ணு அண்ணன்தான் முதலில் சிரித்தார். பத்தொன்பது வருஷமாகச் சிங்கப்பூரில் இருப்பவர்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு வர்ற? நான் டிக்கெட் போட்டுட்டேன்னு சொன்னாலே போதும், எங்க வீட்ல அவளுக்கு அடிவயிறு வலிக்க ஆரம்பிச்சிரும். எல்லாம் நடிப்புடா தம்பி."

லாரியே சிரித்தது. அவனும் சிரித்தான்.

இப்போது மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது.

"கணவரோடு சேரும்போது வலித்தால் அது உங்கள் குற்றமில்லை. பலர் இதைச் சொல்வதில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்."

சுவர்ப் பக்கம் திரும்பிய முகம்.

முப்பது நாளும்.

வெட்கம் என்று நினைத்திருந்தான்.

போனைப் பார்த்தான். சுகந்தி ஆன்லைனில் இருந்தாள்.

ஊரில் நாலே முக்கால். அம்மா பால் சொசைட்டிக்குப் போயிருப்பாள். ஐந்துக்குத் திரும்பிவிடுவாள். வீட்டில் ஒரே போன்தான். வந்ததும் அம்மா கைக்குப் போய்விடும். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் குரல் செய்தியை அமுக்கிக் கேட்கத் தெரியும்.

எழுத்தாகத்தான் அனுப்ப வேண்டும்.

அவனுக்குத் தமிழில் தட்ட வராது. பேசினால் போனே எழுதிக்கொள்ளும்.

போனை உதட்டோடு ஒட்டி முணுமுணுத்தான். காற்று இரைந்தது. திரையில் ஒன்றும் விழவில்லை.

கொஞ்சம் சத்தமாக. அப்போதும் இல்லை.

எதிரே காசி கண்ணடித்தான். "என்ன மாப்ள, ரகசியமா? எங்களுக்கும் சொல்லேன்."

ஊரில் நாலு ஐம்பத்திரண்டு.

அவன் கண்ணை மூடிக்கொண்டான். தொண்டை முழுவதையும் திறந்தான்.

"கேட்டேன் சுகந்தி. ஒனக்கு வலிச்சுச்சுன்னு எனக்குத் தெரியாது புள்ள. நீ மூஞ்சியத் திருப்பிக்கிட்டப்ப..."

சிக்னல். லாரி நின்றது. இரைச்சல் சட்டென்று அடங்கியது.

"...வெக்கம்னு நெனச்சுக்கிட்டேன்."

அந்த வரி மட்டும் தனியாகக் கேட்டது. இருபது பேருக்கும்.

யாரோ இருமினார்கள்.

நிறுத்தினால் போன் கேட்பதை நிறுத்திவிடும். அவன் நிறுத்தவில்லை.

"நான் வாசல்ல கட்டில் போட்டுப் படுத்துக்குறேன். அம்மா கேட்டா புழுக்கம்னு சொல்லிக்கலாம். ஆஸ்பத்திரிக்கு நானும் வர்றேன். நீயா சொல்ற வரைக்கும் ஒண்ணும் வேணாம். வரட்டுமா?"

அனுப்பினான். அப்புறம்தான் கண்ணைத் திறந்தான். காசி தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இரண்டு டிக். நீலமானது.

எழுதுகிறாள். நின்றுவிட்டது. மறுபடி எழுதுகிறாள்.

லாரி கிளம்பியது.

அத்தை வந்துட்டாங்க. டிக்கெட் போடுங்க.

அவன் போனைக் கவிழ்த்து மடியில் வைத்தான். நாளை முதல் வேலையாக அந்தச் சிநேகிதனைக் கூப்பிட வேண்டும். என்னவென்று சொல்வது?

தோளில் ஒரு கை விழுந்தது. துரைக்கண்ணு அண்ணன். முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தம்பி, அந்த மூணாவது... எனக்கும் கொஞ்சம் போடு."

யாரும் சிரிக்கவில்லை.

இயர்போனின் ஒரு முனையை அவரிடம் கொடுத்தான்.

விடுதி வந்தது. டிபன் கேரியர்கள் உரச ஒவ்வொருவராக இறங்கிப் போனார்கள்.

ஒலிப்பதிவு முடிந்தது. துரைக்கண்ணு அண்ணன் விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். முதலிலிருந்து.

டிரைவர் இறங்கச் சொல்லி லாரிப் பலகையைத் தட்டினார்.

அண்ணன் இறங்கவில்லை. வயர் சின்னது, அவனும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.