சோட்டுவின் மண்தொட்டி

“கப்பல் ஏறும்போது சோட்டுவையும் கூட்டிட்டுப் போயிருங்க. அவனை வச்சுக்கிட்டு என்னால தனியா அல்லாட முடியாது” என்று ருக்கு காலையிலேயே கறாராகச் சொல்லிவிட்டாள்.

கோவிந்தராஜ் குனிந்து பார்த்தார். வாசல் மிதியடி மறுபடியும் நனைந்திருந்தது. இரண்டடி தள்ளி மண் நிரப்பிய பிளாஸ்டிக் தொட்டி வைத்தது வைத்தபடி கிடக்க, சோட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாவகாசமாகக் காலை நக்கிக்கொண்டிருந்தது. பூனைக்கு என்ன கவலை, மூன்று மணிக்குக் கப்பல் பிடிக்க வேண்டியது அவர்தானே.

பவர் ஹவுஸ் சூப்பர்வைசரான அவரைத் தெற்கே கடைசித் தீவிலிருக்கும் கேம்பல் பேவுக்கு மாற்றிவிட்டார்கள். மனைவி ருக்குவுக்கு இங்கே ஷாதிபூரிலேயே பள்ளிக்கூட வேலை, மகள் கடல் தாண்டி மெயின்லேண்டில் ஹாஸ்டலில். ஆக, அவர் தனியாகத்தான் போக வேண்டும்.

தனியாக இருப்பது அவருக்குப் புதிதல்ல. முன்பு மாற்றலாகி வடக்கே மாயாபந்தரில் இருந்த ஒன்றரை வருஷத்தில் மூன்றே தடவைதான் வீட்டுக்கு வந்திருப்பார். ஆனால் அப்போது சோட்டு கிடையாது. இப்போது டியூட்டி முடிந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே “சோட்டு எங்கே?” என்று கேட்கிற ஆளாகிவிட்டார்.

கப்பலில் கேபின்களைப் பார்த்துக்கொள்ளும் தங்கையா தெரிந்தவர். கூடையில் கொண்டுவந்தால் கண்டுகொள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்தார். ஆனால் தொட்டியில் போகிற பூனையாக இருக்க வேண்டும். “ரெண்டு நாள் பயணம் சார். கேபின்ல ஒரு தடவை பண்ணிட்டா அவ்வளவுதான், என் நௌக்ரி காலி, வேலையே போயிரும்.”

அதற்காக ஒரு வாரமாகக் கதவை அடைத்துப் பயிற்சி நடந்தது. தொட்டியை மூலைக்கு மாற்றினார், கட்டிலுக்கடியில் தள்ளினார், மீன் தலையைக் காட்டி இழுத்துப் பார்த்தார். தூக்கி உள்ளேயே நிறுத்தினாலும், சோட்டு முகத்தைச் சுளித்து, காலை உதறிக்கொண்டு வெளியே குதித்தது.

மண்ணுக்கும் பெரிய திண்டாட்டம். கடற்கரையில் ஒரு கைப்பிடி அள்ள விடமாட்டார்கள். எதிர்வீட்டுக் கட்டட வேலைக்கு வந்து குவிந்திருந்த மணலில் அரை மூட்டை கேட்டு வாங்கியதுதான் கைவசம். மண்ணில்தான் கோளாறோ என்று ருக்கு தினமும் அதைக் கழுவி மொட்டைமாடியில் காயவைத்துக் கொண்டுவந்தாள். பூனை என்றாலே எரிந்து விழுகிறவள், அந்த ஒரு வேலையை மட்டும் அவரைத் தொடவிடவில்லை.

கடைசி முயற்சியாக இன்று காலை கால்நடை ஆஸ்பத்திரி ராஜவேலுக்கு ஃபோன் போட்டார். மிதியடியில் ஒழுங்காகப் போகிறது என்றால் உடம்பில் ஒன்றுமில்லை, ஏதோ நெடி பிடிக்கவில்லை, பூனைக்கு மூக்குதான் எல்லாமே என்றார் அவர். பிளாஸ்டிக் நெடியாக இருக்கும் என்று கோவிந்தராஜ் ஓடிப்போய்ப் புதுத் தகரத் தொட்டி வாங்கிவந்தார். ருக்கு கழுவிய மண்ணை அதில் மாற்றியும், சோட்டு அதற்கும் முதுகைத்தான் காட்டியது.

மணி பன்னிரண்டு. பெட்டியில் சாமான்களை அடுக்கும்போது ஊறுகாய் ஜாடி கனக்கவே இல்லை. திறந்து பார்த்தால் பாதிதான் இருந்தது.

“சௌல்தாரி தோட்டத்திலேர்ந்து ஒரு பை நிறைய எலுமிச்சம்பழம் வந்துச்சே?”

“பாதி அழுகல்” என்றாள் ருக்கு, அவர் சட்டையை மடித்தபடியே.

ஊறுகாயைப் பற்றிக் கவலைப்படும் நிலையில் அவர் இல்லை. ஒரு மணி வரை தொட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, கெஞ்சி, அதட்டி, கடைசியில் பூனையின் காலைப் பிடிக்காத குறையாகப் பேசிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கூடையை எடுத்துப் பரண்மேல் போட்டார்.

ஆட்டோ வந்து நின்றது. பெட்டியைத் தூக்கக் கதவைத் திறந்ததுதான் தாமதம், ஒரு வாரம் அடைபட்டுக் கிடந்த சோட்டு அவர் கால்களுக்கிடையில் புகுந்து தெருவுக்கு ஓடியது. பெட்டியைப் போட்டுவிட்டு அவரும் பின்னாலேயே ஓடினார்.

எதிர்வீட்டு மணல் குவியலின் மேல் ஏறி நின்றது சோட்டு. முன்காலால் அழகாகக் குழி பறித்தது, உட்கார்ந்தது, முடித்தது, மண்ணைத் தள்ளி மூடியது.

கோவிந்தராஜ் அப்படியே நின்றுவிட்டார். வீட்டுத் தொட்டியில் இருப்பதும் இதே மணல்தான்.

பூனையைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தவர், தொட்டி மண்ணில் ஒரு கை அள்ளி மூக்கருகே கொண்டுபோனார். லேசாகப் புளித்த வாசனை அடித்தது. விரலிடுக்கில் மணலெல்லாம் வழிந்துபோக, உள்ளங்கையில் இரண்டு எலுமிச்சை விதைகள் தங்கின.

ருக்கு வாசற்படியில் நின்றிருந்தாள். அவர் கையை நீட்டிக் காட்டினார். அவள் விதைகளைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து, இத்தனை நாள் தொடவே அருவருத்த பூனையை அவர் கையிலிருந்து வாங்கி, அதன் காலில் ஒட்டியிருந்த மண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

வெளியே ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

“இவன் இங்க இருந்தாத்தான் நீங்க வீட்டுக்கு வருவீங்க.”